பெரியம்மா கேட்ட கேள்வி
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராக்கெட், ரோபோ என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். நான் பேசப் போவது வீடு சுத்தம் செய்யும் மெஷினைப் பற்றி. பாரிவாக்கத்தில் ஒரு சின்ன ஷெட்டில் நானும் என் கூட்டாளியும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு என் அம்மா மூன்று நாள் துணியால் தண்ணீரை ஒற்றிப் பிழிந்ததைப் பார்த்தபோது பிறந்த ஆசை இது.

தூசியை ஊதாமல் உறிஞ்சலாம் என்று 1901-ல் லண்டனில் செய்து காட்டியவர் ஹ்யூபர்ட் பூத். அவருடைய மெஷினை இழுக்கக் குதிரை தேவைப்பட்டது! இன்று கையில் தூக்கலாம். ஆனால் தண்ணீரையும் உறிஞ்ச வேண்டும் என்றால் கதை வேறு. வெறும் தூசி மெஷினில் உறிஞ்சிய காற்றே மோட்டாரைக் குளிர்விக்கும். தண்ணீர் மெஷினில் அப்படி விட்டால் வைண்டிங் போச்சு. அதனால் பைபாஸ் மோட்டார். குளிர்விக்கத் தனிக் காற்று. தொட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறி வழியை அடைக்கும். உடனே சத்தம் கூடும். லோடு ஏறிவிட்டது என்று பயப்படுவார்கள். உண்மையில் தள்ளக் காற்று இல்லாமல் லோடு குறைந்து, மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது. (பரீட்சையில் வரலாம், எழுதிக்கொள்ளுங்கள்.)

எங்கள் முதல் மாடல் கச்சிதமாக இருந்தது. மிதவையைத் தண்ணீர் வரும் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். குழாய்த் தண்ணீரில் நூறு தடவை சோதித்தோம், பாஸ். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் பெரியம்மாவிடம் ஒன்று கொடுத்தோம். அவர் சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்துவிட்டு ஆன் செய்தார். பின்பக்கம் நுரை நுரையாக வந்தது. மோட்டார் காலி. நல்லவேளை, ஷாக் அடிக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

நுரை பெரும்பாலும் காற்றுதானே, மிதவையைத் தூக்க அதற்குக் கனம் ஏது? இது முதல் வருஷப் பாடம், நான்தான் மறந்துவிட்டேன். வாயைப் பக்கவாட்டில் திருப்பினோம்; தண்ணீர் சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கியது. நடுவே ஒரு தடுப்புத் தட்டு வைத்தோம். மோட்டார் தலையை நாலு சென்டிமீட்டர் உயர்த்தினோம். அந்த நாலு சென்டிமீட்டருக்காகக் கூட்டாளி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பார்க்க நீளமாயிடுச்சாம்!

திருத்தியதைக் கொண்டுபோனபோது பெரியம்மா கேட்டார்: "ஏம்பா, தண்ணி ரொம்பினப்புறம் இத யாரு தூக்கிக் கொட்டுறது?"

பதினைந்து லிட்டர் தண்ணீர் என்றால் பதினைந்து கிலோ. மெஷினின் எடை தனி. எட்டு லிட்டராகக் குறைத்து, அடியில் ஒரு குழாய் வைத்தோம். டீலர்கள் முகம் சுளிக்கிறார்கள்; அட்டையில் பெரிய லிட்டரும் பெரிய வாட்டும் இருந்தால்தான் விற்குமாம். வாட் என்பது கரண்ட் குடிக்கும் அளவு, உறிஞ்சும் அளவல்ல என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வெளியே வராண்டாவில் ஒன்று வைத்திருக்கிறேன். பக்கத்தில் வாளியும் சோப்புத்தூளும் இருக்கின்றன. முடிந்தால் கெடுத்துப் பாருங்கள்.