அதே சீட், அதே வெயில்



கல்லடைப்பைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். ஆனால் மூன்று கல் பெற்றவன். அந்த ஒரு தகுதியில்தான் இந்த மைக்குக்கு முன்னால் நிற்கிறேன்.

டிரைவர் சீட் என்பது இன்ஜினுக்குப் பக்கத்தில் போட்ட தோசைக்கல். சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்தால் சட்டை பிழிந்து காயப்போடலாம். தண்ணீர் குடிக்கலாமே என்பீர்கள். குடித்தால் இறங்க வேண்டும். இறங்கினால் போக இடம் கிடையாது. அதனால் குடிப்பதில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், இதே கதையைச் சொல்வார்கள்.

முதல் வலி வந்தது ஒரு நடுராத்திரி. விலாவில் பிடித்து, அடிவயிற்றில் இறங்கி, தொடை இடுக்கு வரை இழுத்தது. நின்றேன், குந்தினேன், தரையில் உருண்டேன். மூன்று பிள்ளை பெற்ற என் மனைவி பக்கத்தில் நின்று, "இப்பத் தெரியுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இன்றுவரை பதில் சொல்லவில்லை நான்.

ஓர் ஆஸ்பத்திரியில் லேசர் வைத்து உடைத்து எடுத்தார்கள். கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பில்லையும் கொடுத்தார்கள். கல் ஏன் வந்தது என்பதை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. இரண்டு வருஷத்தில் அடுத்தது; அதற்குப் பிறகு இன்னொன்று.

எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் அதே சீட்டில், அதே வெயிலில், அதே டீயைக் குடித்து ஓட்டியவர்கள்தான். அவர்களில் பலருக்குக் கல்லே இல்லை. எனக்கு மட்டும் ஏன் கிரஷர் ஓடுகிறது?

மூன்றாவது தடவை போன இடத்தில் இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "பழைய கல் எங்கே ஐயா?" பீரோவில் இருந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட். அடுத்து, "ஒரு நாள் மூத்திரம் முழுசா வேணும்" என்றார். காலையில் எழுந்ததும் போவதைக் கழித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல், மறுநாள் காலை முதல் தடவை போவது வரைக்கும் கேனில் சேர்க்க வேண்டும். எத்தனையோ பேரின் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னவன் நான். அன்றைக்கு மஞ்சள் பையில் கேனை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் தம்பி, "என்ன ஐயா, மலைத்தேனா?" என்றான்.

ரிசல்ட்டில் சிட்ரேட் 140 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 320க்குக் குறைந்தாலே குறைவு என்று கணக்கு. கால்சியமும் ஆக்சலேட்டும் மூத்திரத்தில் சேர்ந்தால் படிகம் ஆகிவிடும். சிட்ரேட் முந்திக்கொண்டு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட கால்சியம் கரைந்தபடியே வெளியே போய்விடும். உண்டாகிவிட்ட பொடிப் படிகங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். இந்தக் காவல்காரர்தான் என் உடம்பில் பாதி நாள் லீவு.

ஏன் லீவு? உடம்பில் அமிலம் கூடினாலோ, பொட்டாசியம் குறைந்தாலோ சிறுநீரகம் சிட்ரேட்டை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சி எரித்துவிடும். வீட்டில் அரிசி இல்லையென்றால் விதைநெல்லை எடுத்து உலையில் போடுவதில்லையா, அந்த மாதிரி. சிலருக்குச் சிறுநீரகக் குழாயே அமிலத்தை வெளியேற்றாத பிறவிக் கோளாறு இருக்கும். சிலருக்கு நாள்பட்ட வயிற்றுப்போக்கு. ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற டோபிராமேட் மாத்திரையும் இதைச் செய்யும். தினமும் கறி, மேலே உப்பு என்று சாப்பிடுகிறவர்களுக்கும் சிட்ரேட் இறங்கும். என் கதையில் குற்றவாளி, பிரஷருக்காகப் பல வருஷமாக நான் விழுங்கிய தயசைடு மாத்திரை. அது மூத்திரத்தில் கால்சியத்தைக் குறைக்கும் நல்ல மாத்திரைதான். கல் வராமலிருக்கவே கொடுப்பதுண்டு. ஆனால் பொட்டாசியத்தையும் கூடவே வெளியே தள்ளிவிடும். அதை ஈடுகட்ட எனக்கு யாரும் எதுவும் தரவில்லை.

மருந்து, பொட்டாசியம் சிட்ரேட். அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் சார்லஸ் பாக் என்கிற டாக்டரின் குழு பாடுபட்டதில், 1985இல் அந்த நாட்டில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 1993இல் வெளியான ஓர் ஆய்வில், சிட்ரேட் குறைந்த 57 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்த கல், பத்து வருஷத்துக்கு ஒன்று என்கிற விகிதத்துக்கு இறங்கியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போய் சிரப் வாங்கிக் குடித்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறி இதயத்தையே நிறுத்திவிடும். கிருமித் தொற்றால் வரும் கல்லோ, மூத்திரத்தில் காரம் ஏற ஏற வளரும்.

"எலுமிச்சை போதாதா?" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் வாயசைக்கிறார். உதவும், மருந்துக்கு ஈடாகாது. அதிலும் நாம் குடிப்பது உப்புப் போட்ட ஜூஸ், தொட்டுக்கொள்வது எலுமிச்சை ஊறுகாய். உப்பு ஏறினால் மூத்திரத்தில் கால்சியமும் ஏறும்.

இன்னொன்று, கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துகிறோம். இத்தாலியில் 120 ஆண்களை ஐந்து வருஷம் கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது. கால்சியத்தை வழக்கம்போல் எடுத்துக்கொண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது. ஆக்சலேட்டைக் குடலிலேயே கால்சியம் பிடித்து வெளியே அனுப்பிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆறு வருஷம் மோர் இல்லாமல் சோறு சாப்பிட்டேனே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன மாசம் மறுபடி கேன் கொடுத்தேன். சிட்ரேட் 410. மருந்து பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால், டாக்டரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், கேனை எந்தப் பையில் வைத்தால் பஸ்ஸில் சந்தேகம் வராது என்று மட்டும் சொல்லித் தருகிறேன்.