பை போனால் முதலில் வங்கிக்கு
(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வு பெற்ற ஆசிரியன் மேடையேறினால் உபதேசம்தான் என்று நினைப்பீர்கள். நான் சொல்ல வந்ததோ நானே தோற்றுப்போன ஒரு பரீட்சையைப் பற்றி.

தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரைத் தாங்கிய நம் சூலியா தெருவில், மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பூசைக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். அஞ்சடியில் சாமான்கள் நிறைந்திருந்ததால் சாலையில் இறங்கினேன். மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தோள்பையைப் பறித்துக்கொண்டு பறந்துவிட்டனர். உள்ளே மைகார்டு, கடன்பற்று அட்டை, ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம்.

நேரே காவல் நிலையம் சென்றேன். புகார் கொடுத்து, வீடு திரும்பி, வங்கியின் எண்ணைத் தேடினேன். அந்த எண் அட்டையின் பின்புறத்தில் அல்லவா இருக்கிறது! பழைய கணக்கறிக்கை ஒன்றில் கண்டுபிடித்து அழைத்தபோது இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அதற்குள் எண்ணெய் நிலையத்தில் இரண்டு முறை அட்டையைத் தொட்டே பணம் செலுத்தியிருந்தார்கள். 250 வெள்ளிக்கு உட்பட்ட தொகைக்கு ரகசிய எண் தேவையில்லை. அதோடு, பணம் எடுக்கும் இயந்திரத்தில் 1,500 வெள்ளி. 2017 ஜூலை முதல் கையெழுத்துக்குப் பதிலாக ஆறு இலக்க ரகசிய எண் வந்ததல்லவா? மறதிக்குப் பயந்து அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தேன். முப்பது வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன்!

திருடு போன அட்டையில் நடந்த செலவுக்கு, வாடிக்கையாளருக்குப் பேங்க் நெகாராவின் விதியில் பாதுகாப்பு உண்டு. ஆனால் தாமதமின்றித் தெரிவித்திருக்க வேண்டும். ரகசிய எண்ணை அட்டையோடு எழுதி வைத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

“எண்ணை எங்காவது எழுதி வைத்திருந்தீர்களா?” என்று வங்கி அதிகாரி கேட்டார். ஒரு கணம் ‘இல்லை’ என்ற சொல் நாவில் வந்து நின்றது. ‘ஆமாம்’ என்றேன். எண்ணெய் நிலையச் செலவை வங்கி நீக்கியது. 1,500 வெள்ளியை வட்டியோடு நான் கட்டினேன். வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆகவே பை போனால், பக்கத்துக் கடைக்காரரிடம் தொலைபேசி வாங்கியாவது முதலில் வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். பிறகு போலீஸ் புகார். மைகார்டுக்குத் தேசியப் பதிவு இலாகாவுக்கும் அது உதவும். வங்கியின் எண்ணை வீட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள்; ரகசிய எண்ணை அல்ல. வங்கியின் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய எப்.எம்.ஓ.எஸ். என்ற குறைதீர்ப்பு அமைப்பை நாடலாம். யாராவது ஏமாற்றி இணையம் வழி பணத்தை மாற்றிவிட்டால் வங்கிக்கோ 997க்கோ உடனே அழையுங்கள்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் அட்டை எண் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மறுநாள் காலை எனக்கே ஓர் அழைப்பு. “ஐயா, வங்கியிலிருந்து பேசுகிறோம். அட்டையைத் திரும்பத் திறக்க, கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்” என்றது ஓர் இனிய குரல். வைத்துவிட்டு, நானே வங்கிக்கு அழைத்துக் கேட்டேன். அங்கிருந்து யாரும் என்னை அழைக்கவில்லையாம்.