சப்-ஸ்டேஷன் எங்கே வரப்போகுது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் சேமிப்பு, கடன் வரவு எல்லாம் பேசி முடிச்ச பிறகு ஒரு அக்கா எழுந்து, "எங்க மேய்க்கால்ல சப்-ஸ்டேஷன் கட்டப்போறாங்களாம், வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க. கூட்டமைப்பு என்ன செய்யப் போகுது?" என்று கேட்டார்கள். அவங்க உட்காருவதற்குள், ரோட்டோரத் தெருவில் இருந்து வந்த இன்னொரு உறுப்பினர், "வரட்டுமே, சாயந்திரம் ஆனா எங்க தையல் மிஷின் மோட்டார் ஓடவே மாட்டேங்குது" என்றார்கள். ரெண்டு பேரும் ஒரே ஊராட்சி, ஒரே கூட்டமைப்பு. ரெண்டு பேர் சொன்னதும் நிஜம். அதனால்தான் இன்றைக்கு இதை மட்டும் பேசலாம் என்று நிர்வாகிகளும் நாங்களும் முடிவு செய்தோம்.

முதலில், சப்-ஸ்டேஷன் என்றால் என்ன? மின் உற்பத்தி நிலையத்தில் இருந்து கரண்ட் ரொம்ப அதிக அழுத்தத்தில் வருது. 110 கே.வி. என்றால் 1,10,000 வோல்ட். அதைப் பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்து 11 கே.வி. ஆகக் குறைத்து, பல லைன்களாகப் பிரித்து ஊர்களுக்கு அனுப்புகிற இடம்தான் துணை மின் நிலையம். நம்ம தெருவில் கம்பத்தின் மேல் இருக்கிற சின்ன டிரான்ஸ்பார்மர் அதை இன்னும் குறைத்து வீட்டுக்குத் தருது. 11 கே.வி. லைன் நீளம் கூடக் கூட, அதில் மோட்டார்கள் கூடக் கூட, கடைசியில் இருக்கிற வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கிப் போகும். தையல் மிஷின் ஓடாததும், மாவு மில்லில் கரண்ட் இழுக்காததும் அதனால்தான். பக்கத்தில் சப்-ஸ்டேஷன் வந்தால் இது சரியாகும். இதை மறைத்துவிட்டு எதிர்ப்பு பேசினால் நம்ம உறுப்பினர்களே நம்மை நம்ப மாட்டார்கள்.

இப்போ மேய்க்கால் பக்கம் வருவோம். அதிகாரிகள் கண்ணுக்கு அது 'சும்மா கிடக்கிற' புறம்போக்கு. நமக்குத் தெரியும், நம்ம குழுக்களில் ஆட்டுக் கடன் வாங்கினவர்கள் பாதிப் பேர் அந்த நிலத்தை நம்பித்தான் வாங்கினார்கள். சொந்தமாக ஒரு சென்ட் கூட இல்லாதவங்க ஆடு எங்கே மேய்க்கிறது? தீவனம் விலைக்கு வாங்கி ஆடு வளர்த்து, மாசத் தவணை கட்ட முடியுமா? அந்த நிலம் போனால் முதல் தவணை தவறுவது யார் வீட்டில் என்று பாஸ் புக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விறகு பொறுக்குவதும் அங்கேதான், கழிப்பறை இல்லாதவர்கள் ஒதுங்குவதும் அங்கேதான். இதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிலையம் கட்டுகிற இடம் மட்டும் கணக்கு இல்லை. உள்ளே வருகிற லைனும் வெளியே போகிற லைனும் யார் காட்டு வழியாகவோ போகணும் இல்லையா? 110 கே.வி. லைனுக்கு 22 மீட்டர் அகலப் பாதை என்பது மத்திய அரசு வழிகாட்டுதலில் உள்ள அளவு. கிட்டத்தட்ட 72 அடி. லைன் போனாலும் நிலம் நம்ம பெயரில்தான் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. 2018-ல் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

நஷ்டஈடு பற்றிக் கேட்கிறீர்கள். 2003-ம் வருட மின்சாரச் சட்டத்தில் சேதத்துக்கு இழப்பீடு உண்டு. 2024 ஜூனில் மத்திய மின்துறை, கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிப் பாதைக்கு 30 சதவீதம் என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதை ஏற்பது மாநிலத்தின் கையில். ஆனால் யாருக்குக் கிடைக்கும்? பட்டா வைத்திருப்பவருக்கு. நம்ம ஊர்களில் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். புறம்போக்கில் ஆடு மேய்த்த பெண்ணுக்கு ஒரு ரூபாயும் இல்லை.

உடம்புக்குக் கெடுதி என்று ஒரு நோட்டீஸ் சுற்றுகிறது. கர்ப்பம் கலையும், கேன்சர் வரும் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். பயந்துபோய்ப் பலர் எங்களிடம் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-ல், மின் லைன்களில் இருந்து வரும் காந்தப்புலத்தைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது. உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. 2007-ல் மறுபடி பார்த்தபோதும், குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கும் இதற்கும் காரணத் தொடர்பு நிரூபிக்கும் அளவு ஆதாரம் இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. காந்தப்புலம் கம்பிக்கு நேர் கீழே அதிகம், தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும். ஆகவே பள்ளிக்கூடம், அங்கன்வாடி மேல் லைன் போகாமல் பாதை மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. டிரான்ஸ்பார்மரில் ஆயிரக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும். தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு, ராத்திரி முழுக்க வரும் இரைச்சல் வீடுகளுக்குக் கேட்குமா என்பதையும் கேட்கலாம். நோட்டீஸில் இருப்பதை அப்படியே மேடையில் பேசினால், அதிகாரி ஒரு கேள்வியில் நம்மை உட்கார வைத்துவிடுவார்.

அடுத்து, கொஞ்சம் கசப்பான விஷயம். மெயின் ரோடு பக்கம் பிளாட் வாங்கினவர்கள் ஒரு மனு தயார் செய்து, நம்ம குழுக்களிடம் கையெழுத்து கேட்டு வந்தார்கள். பிளாட் விலை இறங்கும் என்பது அவர்கள் கவலை. அது அவர்களுக்குப் பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. மனுவின் கடைசி வரியை நாங்கள் படித்தோம். 'ஏரிக்கரைப் பக்கம் உள்ள காலி இடத்துக்கு மாற்ற வேண்டும்' என்று இருந்தது. அந்தக் காலி இடத்துக்குப் பின்னாலேயே இருளர் குடியிருப்பு, 20 வீடு. அவர்களைக் கேட்காமலே மனுவில் எழுதியாகிவிட்டது. 'எங்க வாசலில் வேண்டாம்' என்று சொல்லி இல்லாதவர் வாசலில் கொண்டு போய் வைப்பதற்குக் கூட்டமைப்பின் பெயர் பயன்படக் கூடாது என்பது எங்கள் கருத்து. கடன் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று எத்தனை பயிற்சியில் சொல்லியிருக்கிறோம்! மனுவுக்கும் அதேதான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் காகிதம் கையில் வேண்டும். அளந்துட்டுப் போனவர்களிடம் கேட்டால் "மேல இருந்து உத்தரவு" என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதி, 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் 30 நாளில் பதில் தரணும். வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்குக் கட்டணம் கிடையாது. எந்த சர்வே எண், எத்தனை ஏக்கர், எத்தனை கே.வி., லைன் எந்த வழி, வேறு எந்த இடங்களைப் பார்த்தார்கள், அவற்றை ஏன் விட்டார்கள் என்று கேட்கணும். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். மனு நகலையும் தபால் ரசீதையும் குழு பைலில் வையுங்கள். 'ஈ.பி. ஆபீஸ்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். வாரியம் 2010-ல் பிரிந்தது, 2024-ல் மறுபடி பிரிந்தது. பெரிய நிலையங்களையும் லைன்களையும் பார்ப்பது மின் தொடரமைப்புக் கழகம். எந்த அலுவலகம் என்று கேட்டு எழுதித் தர நாங்கள் உதவுகிறோம்.

அடுத்தது கிராம சபை. 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டத்தில் மேய்க்கால், களம், சுடுகாடு மாதிரியான புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஊராட்சிக்கு இருக்கிறது. தீர்மானம் போட்ட உடனே வேலை நின்றுவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம், அப்படி நடக்காது. ஆனால் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கும்போதும், பிறகு கோர்ட் வரை போனாலும், அந்தத் தீர்மான நகல் இருந்தால் ஒரு கனம். இல்லாவிட்டால் "ஊரில் யாரும் எதிர்க்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள். தீர்மானத்தில் 'சப்-ஸ்டேஷன் வேண்டாம்' என்று எழுதாதீர்கள். 'சப்-ஸ்டேஷன் தேவை, மேய்க்காலில் வேண்டாம், இன்ன சர்வே எண்ணைப் பரிசீலிக்கவும்' என்று எழுதுங்கள். தையல் குழுவும் ஆட்டுக் குழுவும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அந்த 'இன்ன சர்வே எண்' எது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. மூன்று இடம் பேச்சில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு மூன்றையும் நடந்து பார்க்கப் போகிறோம். ரோட்டோரத் தெருவில் இருந்து 5 பேர், மேய்க்கால் பக்கம் இருந்து 5 பேர், ஏரிக்கரைக் குடியிருப்பில் இருந்து கட்டாயம் 5 பேர். அவர்களில் யாரும் இன்னும் நம்ம கூட்டமைப்பில் சேரவில்லை, அதனால் செயலாளர் அக்காவும் நாங்களும் நேரில் போய் அழைக்கிறோம். அ-பதிவேட்டு நகலை நாங்கள் எடுத்து வருகிறோம். எந்த இடத்தில் எத்தனை வீடு, எத்தனை ஆடு, கிணறு எங்கே என்று எழுத ஒரு நோட்டு, பேனா ஒவ்வொரு குழுவும் கொண்டு வரணும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். குடிதண்ணீர் கூட்டமைப்பு ஏற்பாடு, காலைச் சாப்பாடு மட்டும் அவரவர் கட்டிக்கொண்டு வந்துடுங்க.