விடியும்வரை தூங்காத வீடுகள்

(மருத்துவமனை நன்கொடையாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)





இன்று காலை காப்பி வேளையில் உங்களில் ஒருவர், "இந்த வருஷம் எங்கள் காணிக்கையில் என்ன கட்டினீர்கள்?" என்று உரிமையோடு கேட்டார்கள். நியாயமான கேள்வி. அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காய் ஏலம் விட்ட பணமும், பெண்கள் ஐக்கியத்தார் பிடியரிசி சேர்த்து அனுப்பிய பணமும் அதிலே இருக்கின்றன. பதிலைச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்குக்குக் கட்டடம் எதுவும் எழும்பவில்லை. படம் பிடித்து இந்த இதழின் அட்டையில் போடவும் ஒன்றுமில்லை. அமிர்திப் பக்கத்து மலைக் கிராமங்களில், இரவிலே தூங்காத பிள்ளைகளின் வீடுகளுக்குப் பொழுது சாயும் நேரத்தில் நடந்து போகிற மூன்று சகோதரிகளின் சம்பளத்துக்கும், அவர்கள் டார்ச் விளக்குக்கும், திரும்பி வருகிற ஜீப்பின் டீசலுக்கும் அது செலவாயிற்று.

தூக்கத்துக்கா ஆஸ்பத்திரிப் பணம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் கமிட்டியிலும் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல இடங்கொடுங்கள்.

அமிர்தி வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்குள்ள உயிரியல் பூங்காவுக்கும் அருவிக்கும் நம்மில் அநேகர் போய் வந்திருக்கிறோம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மாலையிலே திரும்பிவிடுவோம். பூங்காவைத் தாண்டி ஜவ்வாது மலையின்மேல் இருக்கிற ஊர்களைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் இந்த மலை பரந்து கிடக்கிறது. சாமை விதைத்து, புளியும் பலாவும் விற்று வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்தாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் எங்கள் முன்னோர் என்று இவர்களுடைய பெரியவர்கள் சொல்லுவார்கள்.)

நாங்கள் மலைக்கு மருத்துவ முகாம் கொண்டுபோகும்போது, தூக்கம் வரவில்லை என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவரும் வருவதில்லை. காய்ச்சல், சளி, வலிப்பு என்றுதான் வருவார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, வாசற்படியில் நின்று, "இவன் ராவெல்லாம் தூங்கறதில்லீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். அப்போது டாக்டருக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். அது கெட்டால் பள்ளியில் மந்தமாகும், வீட்டிலே முரண்டு பிடிக்கும், வலிப்பு உள்ள பிள்ளைக்கு வலிப்பும் கூடும். கெடுகிறதற்குக் காரணமோ ஒன்றல்ல. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் இரவெல்லாம் அழுதன. காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். எங்கள் சகோதரி கைவிரல் இடுக்கை விரித்துப் பார்த்தாள், சொறி. சிரங்குப் பூச்சியின் அரிப்பு இரவிலேதான் அதிகம். பாட்டி முதற்கொண்டு வீட்டார் அனைவரும் ஒரே இரவில் மருந்து தடவி, துணிமணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடச் செய்தாள். அரிப்பு உடனே போய்விடவில்லை, சில வாரங்கள் ஆயின. பிள்ளைகள் தூங்கின. இன்னொரு சிறுமி வாயைத் திறந்து குறட்டை விட்டு, நடுவிலே மூச்சு நின்று நின்று விழித்தாள். அவளுக்கு மூக்கின் பின்புறச் சதை வளர்ந்திருந்தது. கீழே அழைத்துவந்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினோம். கீரிப்பூச்சியினால் தூங்காத பிள்ளைகள் உண்டு, இரத்தசோகையினால் கால் குடைந்து புரளுகிற பிள்ளைகளும் உண்டு. தூங்கின ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீறிட்டு எழுந்து, தாயையே அடையாளம் தெரியாமல் கத்தி, காலையில் ஒன்றும் நினைவில்லாத பிள்ளைகள் வேறு. அது பேயல்ல, பெரும்பாலும் வளர வளரத் தானாய் நின்றுபோகும் என்று சொல்லக் கேட்டாலே பாதி வீடு அமைதியாகிவிடும். ஆனால் அது வலிப்பு அல்லவென்று டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும்.

இவற்றையெல்லாம் பகலில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் இரவிலே எழுந்து ஓடிவருகிறான். ஏலி கண் மங்கிய கிழவர். அவர் அவனை அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. போய்ப் படு என்கிறார். மூன்றாம் முறைதான் காரணத்தை அறிந்துகொள்ளுகிறார். அந்த அதிகாரத்தை அழைப்பைப் பற்றித்தான் நாங்கள் எப்போதும் பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் பிள்ளையோடு அதே இரவில், அதே கூரையின்கீழ் ஒரு பெரியவர் இருந்தார் என்பதும் அதிலே எழுதியிருக்கிறது.

இப்போது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம். எட்டு வயதுப் பையன். பிறந்தவுடன் அழவில்லை, மூளை பாதித்து, நடையும் பேச்சும் வரவில்லை. தகப்பன் கேரளத்தில் கூலி வேலைக்குப் போய் மாதக் கணக்கில் வருவதில்லை. தாய் விடியற்காலையில் வேலைக்குப் போகவேண்டும். இரவு பதினொரு மணிக்கு அவன் கத்த ஆரம்பித்தால், பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டுவார்கள். அவள் அவனை இடுப்பிலே சுமந்துகொண்டு வெளியே நடப்பாள். இப்படி எத்தனை வருஷம் என்று கேட்டதற்கு, "இவன் வயசு எத்தினியோ அத்தினி" என்றாள். எங்கள் சகோதரி இரண்டாம் முறை போனபோது அவள் சொன்னது இது: "அக்கா, ஒரே ஒரு ராத்திரி விடியற வரைக்கும் தூங்கிட்டேன்னா போதும். அதுக்கப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன்."

அந்த வீட்டின் மாடக்குழியில் ஒரு சளி மருந்துப் புட்டி இருந்தது. யாரோ ஒரு கடைக்காரர், கொடுத்தால் தூங்குவான் என்று விற்றிருக்கிறார். மலையிலே இது ஒரு வீட்டுக் கதையல்ல. இவ்வகை மருந்துக் கலவை ஒன்றை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2023-இல் எச்சரித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் தூங்க வைக்கிறதற்காக அதைக் கொடுக்கலாகாது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கு இன்னும் ஆபத்து. எங்கள் சகோதரி புட்டியைப் பிடுங்கி எறியவில்லை. "இத வுட்டுட்டு வேற வழி பாப்போம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வேறு வழி என்ன? வெளிநாட்டுப் புத்தகங்களில் பிள்ளையைத் தன் அறையிலே தனியே படுக்கவைத்துக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறது. இங்கே அறை ஒன்று, படுக்கிறவர்கள் ஏழுபேர், வாசலில் ஆட்டுக்குட்டி. எனவே எங்கள் பெண்கள் அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டைப் பார்த்தார்கள். தாய்க்கு எழுதத் தெரியாது. ஒவ்வொரு முறை அவன் விழிக்கும்போதும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடச் சொன்னார்கள். முதல் வாரம் ஒரு காலையில் பதினொரு கொட்டைகள். பகலில் அவனைப் பாட்டி இருட்டறையில் கட்டிலின்மேல் கிடத்திவிடுகிறாள், அவன் தூங்குகிறான், சத்தமில்லாதிருக்கிறானே என்று பாட்டிக்கு நிம்மதி. சாயங்காலம் எல்லாருக்கும் போடுகிற கடுங்காப்பியில் அவனுக்கும் அரை டம்ளர். இரவு பத்து மணிவரை டிவி. பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் அவன் மாற்றிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

காலை வெயிலில் பலாமரத்தடியில் அவனை உட்காரவைக்க ஒரு நாற்காலியை ஊர்த் தச்சரே செய்து கொடுத்தார். அங்கன்வாடி டீச்சர், வயது கடந்தவனானாலும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு வைத்துக்கொண்டார்கள். அரசாங்கத்திலும் மனமுள்ளவர்கள் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வலிப்பு மாத்திரையின் நேரத்தை டாக்டர் மாற்றிக் கொடுத்தார். காப்பி நின்றது. ஏழு மணிக்குச் சோறு, பிறகு வெந்நீரில் கைகால் கழுவல், டிவி நிறுத்தம், சுவரோரத்தில் அவனுக்கென்று ஒரு பாய், பாட்டி பாடுகிற ஒரே பாட்டு. எல்லாம் தினமும் அதே வரிசையில். எங்கள் சகோதரி முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு மாலை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வாரத்தில் முன்னிலும் மோசமாயிற்று. தாய் விட்டுவிடுகிறேன் என்றாள். அன்றைக்கு அந்தச் சகோதரி அங்கே இல்லாதிருந்தால் அவள் விட்டிருப்பாள், புட்டியும் திரும்பி வந்திருக்கும். ஏழாம் வாரம் டப்பாவில் மூன்று கொட்டைகள்.

மூன்றுதான்; ஒன்றுமில்லாமல் போகவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு அது ஒருபோதும் பூரணமாய்ச் சரியாகாது. அதையும் உங்களுக்கு மறைக்கமாட்டோம். ஆகையால் தாய்க்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். வாரத்தில் ஒரு இரவு பாட்டியும் எதிர்வீட்டுச் சின்னம்மாவும் அவனைப் பார்த்துக்கொள்ளுகிறார்கள். அவள் தன் அக்கா வீட்டில் போய்ப் படுக்கிறாள். முதல் முறை காலை எட்டு மணியாகியும் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்து அக்கா எங்கள் சகோதரிக்குப் போன் செய்தாள்.

குடும்பத்தாரோடு சேர்ந்து வைத்தியம் பார்ப்பது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கியபோது, கனடாவிலிருந்து வந்த டாக்டர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும் நோயாளியோடு வீட்டாரும் வந்து தங்கும்படி செய்தார்கள். பைத்தியம் என்று அடைத்துவைத்த காலத்தில் அது பெரிய காரியம். எங்கள் மூன்று சகோதரிகளும் அதையே திருப்பிப் போட்டு, ஆஸ்பத்திரியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

இன்னொரு விதமான தூக்கமின்மையும் அந்த மலையில் உண்டு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று காவல்துறை சொல்லிற்று. ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். வேலைக்குப் போன தகப்பனிடமிருந்து இரண்டு நாள் போன் வராவிட்டால், இன்றைக்கும் சில வீடுகளில் தாய் விளக்கை அணைப்பதில்லை. தாய் விழித்திருந்தால் பிள்ளையும் விழித்திருக்கும். படுக்கையை நனைக்கும், அதற்கு அடியும் வாங்கும். இதற்கு மருந்தும் இல்லை, புளியங்கொட்டைக் கணக்கும் உதவாது. எங்கள் சகோதரிகள் போய் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாங்களும் சில மாலைகளில் போய், அவர்கள் கேட்டால் ஜெபிக்கிறோம். கேட்காவிட்டால் காப்பி குடித்துவிட்டு வருகிறோம்.

கையிலிருக்கிற பணம் வருகிற மார்ச் மாதம்வரை போதும். மூன்று பேரில் ஒருவர் திருமணமாகிக் கீழே வருகிறார்கள். அவர்கள் இடத்துக்கு அந்த மலையிலேயே பிறந்த ஒரு பெண்ணைப் பயிற்றுவிக்க விரும்புகிறோம். மழைக்காலத்தில் ஜீப் ஏறாத இரண்டு ஊர்களுக்கு இன்னும் போகமுடியவில்லை. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு அவர்கள் அமிர்தியிலிருந்து புறப்படுகிறார்கள். உங்கள் வீடுகளில் குடும்ப ஜெபமும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் நடக்கும். வழியில் கரடியும் காட்டுப்பன்றியும் உண்டு என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.