கடலின் பழைய சூட்டைச் சொல்லும் ஓடு

தஞ்சைச் சம்பாவுக்கு ஐப்பசி மழை தருவது வங்கக் கடல். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியில், அந்தக் கடலின் சூடு என்ன? அன்று வெப்பமானி இல்லை. ஃபோராமினிஃபெரா இருந்தது. மணல் துகள் அளவே உள்ள கடலுயிர். சுண்ணாம்பு ஓட்டோடு மிதக்கும். செத்ததும் ஓடு அடிச்சேற்றில் படியும். நீர் சூடானால் ஓட்டில் மக்னீசியம் கூடும், குளிர்ந்தால் குறையும். இதுதான் சூத்திரம். 2014 கடைசியில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக் கப்பல் வங்கக் கடலடியைத் துளைத்து அந்தச் சேற்றை எடுத்தது. பனியூழியில் இந்தக் கடல் இன்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருந்தது என்று இத்தகைய ஓடுகள் காட்டுகின்றன.

இத்தனூண்டு ஓட்டை நம்பலாமா? நியாயமான கேள்விதான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கடலுக்கு அது போதாது. அதனால் ஒரே அடுக்கில், ஒரே இனத்தின் பல ஓடுகளை அளக்கிறார்கள். ஆழத்தில் ஓடு கரைந்தால் மக்னீசியம் குறையும், கணக்கு தப்பும், அதையும் சோதிக்கிறார்கள். ஓட்டின் ஆக்சிஜன் இன்னொரு சாட்சி. அதில் சூட்டோடு துருவப் பனியின் பங்கும், மழை கொண்டுவரும் ஆற்று நன்னீரின் தடயமும் உண்டு. சூட்டையும் துருவப் பனியின் பங்கையும் கழித்தால், மிஞ்சுவது பருவமழையின் தடயம். சென்னையில் கருவி வைத்து வானிலையைப் பதிந்ததே 1790-களில்தான். அதற்கு முந்தைய மழையை அறிய, டெல்டா உழவருக்கும் இந்தச் சேறு வேண்டும்.