டிராக் பாட வந்தவர்



கேமரன் மலையின் பிரிஞ்சாங்கில் பட்டமளிப்பு விழா மேடை ஏறுகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்து ஸ்ட்ராபெர்ரியைப் பற்றி. இன்று இரண்டையும் விட்டுவிடலாம். இது ஒரு பாடகரின் கதை. மலாயாவில் பிறந்து, மெட்ராசுக்குப் போய், அங்கேயே குடும்பம் குட்டி என்று வேர்விட்டு, 2011 பிப்ரவரி 20ஆம் தேதி சென்னையில் கண்மூடியவர். வாசுதேவன் என்று மட்டும் சொன்னால் எந்த வாசுதேவன் என்று கேட்பீர்கள். மலேசியா வாசுதேவன் என்றால் உங்கள் அப்பாக்கள் உடனே ஒரு பாட்டை முணுமுணுப்பார்கள்.

அவர் பிறந்தது 1944 ஜூன் 15. அப்போது மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது. சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை வாரிக்கொண்டு போன கொடுமை யாருக்கும் மறக்கவில்லை. மரவள்ளிக் கிழங்கு தின்று உயிர் பிடித்திருந்த காலம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மலையாளக் குடும்பம் அவருடையது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் நாடகத்தின் மேல் மோகம் பிடித்துக்கொண்டது. பாடச் சொன்னால் பாடுவார், வேஷம் கட்டச் சொன்னால் கட்டுவார். ஒன்றில் நிற்கமாட்டார். அந்தக் குணம் கடைசிவரை அவரை விடவில்லை.

மேடை இந்நாட்டுத் தமிழர்களுக்குப் புதிதில்லை. இந்த மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். கொழுந்து பறிக்க வந்தவர்கள் எங்கே லயம் கட்டிக் குடியேறினாலும் பக்கத்திலேயே ஒரு கோயில் முளைத்தது. கோயில் என்றால் திருவிழா. திருவிழா என்றால் விடிய விடிய நாடகம், இல்லையென்றால் பாட்டுக் கச்சேரி. இரவு ராஜா வேஷம் கட்டியவர் விடிந்ததும் அரிதாரம் சரியாகக் கலையாமலே, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பார். அப்படிப் பாடிய எத்தனையோ நல்ல குரல்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டவே இல்லை. தாண்ட வேண்டுமானால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று சொல்ல ஆள் இல்லை.

வாசுதேவன் தாண்டினார். மலேசியத் தமிழர்கள் எடுத்த ‘ரத்தப் பேய்’ என்ற படத்தில் நடித்தார். படத்தின் பெயரைக் கேட்டு இப்போது சிரிப்பு வரும். அவரை மெட்ராசில் கொண்டுபோய்ச் சேர்த்த பேய் அது. 1960களின் கடைசி. மெட்ராசிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் ஆள் ஏற்றிவந்த ரஜூலா கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பலருக்குப் பயணத் திசை மாறிவிட்டது. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் ஏராளமானோர், பிறந்து வளர்ந்த லயத்தைப் பூட்டிவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்கு அது வேறு வழியில்லாத பயணம். நம் நாடகக்காரர் அதே காலத்தில் அதே நாட்டுக்கு ஆசைப்பட்டுப் போனார். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறிப் போகிற எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிற வழக்கம் நமக்கு இருக்கிறது.

மெட்ராஸ் அவரை வா என்று கூப்பிடவில்லை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி. எம். சௌந்தரராஜன் பாடிக்கொண்டிருந்தார். 1969இல் ‘அடிமைப்பெண்’ வந்தது, எஸ். பி. பாலசுப்ரமணியம் என்ற இளைஞரின் குரல் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. ஜேசுதாசும் இருந்தார். கோடம்பாக்கத்தில் பாடகர் வரிசை நிரம்பி வழிந்த நேரத்தில் போய் நின்றவர் வாசுதேவன். 1972இல் ஜி. கே. வெங்கடேஷ் இசையில் ‘பொல்லாத உலகில் ஒரு போராட்டம்’ படத்தில் ஒரு பாட்டு கிடைத்தது. மறு ஆண்டு ‘பாரத விலாஸ்’ படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் இசையில், பெரிய பெரிய பாடகர்கள் சேர்ந்து பாடிய பாட்டில் அவர் குரலும் இருந்தது. அதற்குப் பிறகு வீட்டு வாசலில் கார்கள் வந்து நின்றன என்று சொல்ல ஆசைதான். நிற்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் எல்லாரும் இந்த வருடங்களைத் தாண்டிக் குதித்து 1977க்குப் போய்விடுகிறார்கள். உங்கள் வயதில் இருப்பவர்களுக்குத் தேவையான செய்தி இங்கேதான் இருக்கிறது.

அந்த வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் பண்ணைப்புரத்து ராசையா. பின்னாளில் இளையராஜா. அவரும் வெளியூர்க்காரர்தான், மெட்ராசுக்கு வந்தது 1968இல். அதற்கு முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியவர். 1958இல் கேரளத்துத் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக அந்தச் சகோதரர்கள் பிரசாரப் பாட்டுப் பாடினார்கள். தேவிகுளம் எப்படிப்பட்ட ஊர் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதே மாதிரி மலை, இதே மாதிரி தேயிலை, கொழுந்து பறித்தவர்களும் தமிழர்களே. தேயிலைத் தொழிலாளிகளுக்குப் பாடிப் பழகியவரும், தோட்டங்கள் நிறைந்த நாட்டில் நாடகம் போட்டுப் பழகியவரும் மெட்ராசில் சந்தித்தார்கள். அல்லிநகரத்திலிருந்து வந்து சினிமா வாய்ப்புக்கு அலைந்துகொண்டிருந்த பாரதிராஜாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்தச் சகோதரர்களின் ‘பாவலர் பிரதர்ஸ்’ மேடைக் கச்சேரிகளில் வாசுதேவன் பாடினார். சினிமாவில் யாரும் கூப்பிடாத நாட்களிலும் அவருக்கு மேடை இருந்தது. மறுநாளும் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை இருந்தது.

புது ஊரில் வீடு என்பது முதலில் இப்படித்தான் வருகிறது என்று தோன்றுகிறது. தன்னைப் போலவே வாய்ப்பில்லாமல் பக்கத்தில் நிற்கிற நாலு பேர். பெரிய ஆட்களின் வாசலில் காத்திருந்த நேரத்தை வாசுதேவனின் கணக்கில் வரவு வைக்க முடியாது. சின்ன ஆட்களோடு கச்சேரி செய்த நேரத்தை வைக்கலாம். அந்தச் சின்ன ஆட்கள்தான் சில வருடங்களில் பெரிய ஆட்கள் ஆனார்கள். இளையராஜாவுக்கு 1976இல் ‘அன்னக்கிளி’. பாரதிராஜாவுக்கு 1977இல் ‘16 வயதினிலே’.

‘16 வயதினிலே’ கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எஸ்.பி.பி. பாட வேண்டிய பாட்டுகள். ஒலிப்பதிவு சமயத்தில் அவருக்குத் தொண்டை சரியில்லை. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க வேண்டும். இன்றுபோல ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பதிந்துவிட்டுப் போக முடியாது. பாடகர் வரவில்லை என்று அத்தனை வாத்தியக்காரர்களையும் திருப்பி அனுப்பினால் கால்ஷீட் பணம் தண்டம். அதனால் வேறொருவரை நிறுத்தி ‘டிராக்’ பாடவைப்பார்கள். பெரிய பாடகர் பிறகு வந்து அதே இடத்தில் தன் குரலைப் பதிந்துவிடுவார். டிராக் பாடியவரின் குரல் அழிக்கப்படும். பெயரும் வராது.

டிராக் பாட வாசுதேவன் நின்றார். பாடியது கமல்ஹாசனுக்கு. பாடி முடித்தபின் அந்தக் குரலை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ‘செவ்வந்திப் பூ’ பாட்டில் பி. சுசீலாவோடும் ‘ஆட்டுக்குட்டி’ பாட்டில் எஸ். ஜானகியோடும் அவர் குரலே படத்தில் நின்றது. வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. மெட்ராஸ் அப்போதுதான் அவரை உள்ளே விட்டது.

இது அதிர்ஷ்டம்தானே என்று கேட்டால், ஆமாம், பெரும்பங்கு அதிர்ஷ்டம். எஸ்.பி.பி.யின் தொண்டை அன்று சரியாக இருந்திருந்தால் நாம் இன்று வேறு யாரையாவது பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். டிராக் பாடியே காலம் கழித்து, ஒரு படத்திலும் பெயர் வராமல் ஓய்ந்துபோனவர்கள் கோடம்பாக்கத்தில் உண்டு. உழைத்தால் போதும், எல்லாம் வரும் என்று இந்த மேடையிலிருந்து சொல்வது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். அழிக்கப்படப் போகிற பாட்டுதானே என்று அன்று அவர் அசட்டையாகப் பாடவில்லை. அவர் கையில் இருந்தது அவ்வளவுதான்.

பிறகு வேகம் எடுத்தது. 1978இல் ‘கிழக்கே போகும் ரயில்’, ‘சிகப்பு ரோஜாக்கள்’. 1979இல் ‘தர்ம யுத்தம்’. 1980இல் ‘முரட்டுக்காளை’யில் ரஜினிகாந்துக்கு அவர் பாடிய பாட்டு இன்றைக்கும் தைப்பூசக் கூடாரங்களில் ஒலிபெருக்கியைக் கிழிக்கிறது. இப்படிப்பட்ட பாட்டுகளால் அவரை வெறும் முரட்டுக் குரல் என்று ஒதுக்குபவர்கள் ‘பன்னீர் புஷ்பங்கள்’ படத்துக் ‘கோடைகாலக் காற்றே’யைக் கேட்க வேண்டும். ஊட்டிப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற கதை அது. மலைக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாட்டு தனியாகப் பிடிக்கும்.

1985 அவருடைய ஆண்டு. ‘முதல் மரியாதை’யில் அவர் சிவாஜி கணேசனின் குரல். இத்தனை காலம் சௌந்தரராஜன் குரலோடு ஒட்டிப்போயிருந்த முகத்துக்கு வேறொரு குரலைப் பொருத்துவது சின்ன விஷயமா? ‘பூங்காற்று திரும்புமா’ பாட்டில் பேசுவது யார், பாடுவது யார் என்று பிரிக்க முடியவில்லை. அந்தப் படத்துப் பாடல்களுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதே 1985இல், அதே பாரதிராஜா இயக்கிய ‘ஒரு கைதியின் டைரி’யில் வாசுதேவன் கமலுக்கு வில்லன். ஒரே வருடத்தில் சிவாஜிக்குக் குரல், கமலுக்கு எதிரி. நாடக மேடையில் எது கிடைத்தாலும் செய்த பையன் அப்படியேதான் இருந்தான்.

எல்லாம் கைகூடியது என்றும் சொல்ல முடியாது. 1980இல் ‘சாமந்திப்பூ’ படத்துக்கு இசையமைத்தார். ‘நீ சிரித்தால் தீபாவளி’ என்று ஒரு படத்தை இயக்கினார். இசையமைப்பாளராகவோ இயக்குநராகவோ அவரை யாரும் இன்று முதலில் நினைப்பதில்லை. அதனால் அவர் குறைந்துபோகவும் இல்லை. 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையிலும் பாடினார். மகன் யுகேந்திரனும் மகள் பிரசாந்தினியும் பாட வந்தார்கள். ‘ஆடுகளம்’ படத்தில் எஸ்.பி.பி.யோடும் அவர் மகன் சரணோடும் சேர்ந்து பிரசாந்தினி பாடினார். படம் வெளியானது 2011 பொங்கலுக்கு. மெட்ராஸ் சென்னை ஆகியிருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளாகவே அவர்கள் வளர்ந்திருந்தார்கள். அப்பாவின் பெயருக்கு முன்னால் மட்டும் மலேசியா அப்படியே இருந்தது.

கலைஞர்கள் எல்லாரும் மெட்ராசை நோக்கித்தான் போனார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலியா போகிற வழியில் 1952இல் சிங்கப்பூரில் இறங்கிய கே. பி. பாஸ்கர் அங்கேயே தங்கி நாட்டியப் பள்ளி தொடங்கினார். அவர் மனைவி சாந்தா, சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையை 1958இல் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். புது ஊரின் கதையை அவர் தன் அடவுகளில் சொன்னார். ஊரும் அவரைத் தன் ஆளாக்கிக்கொண்டது. கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்ராவில் நாட்டியம் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1974இல் சிங்கப்பூர் வந்து, 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். நம் காஜாங்கைச் சேர்ந்த ராம்லி இப்ராஹிம், ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியல் படித்தவர். சிட்னியில் நடனக் குழுவில் ஆடினார். அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றார். இத்தனை ஊர் சுற்றியபின் 1983இல் கோலாலம்பூரிலேயே சூத்ரா நடன அமைப்பைத் தொடங்கினார். 2018இல் இந்தியா அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பொறியியல் பட்டம் வாங்கிய பிள்ளை நடனம் ஆடப் போகிறேன் என்றால் இந்த மண்டபத்தில் எத்தனை அம்மாக்களுக்குத் தூக்கம் வரும்?

இப்போது கப்பலும் வேண்டாம். ராப் பாடகர் யோகி பி., நட்சத்ரா குழுவோடு 2006இல் ‘வல்லவன்’ என்ற ஆல்பத்தைக் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து அதன்மேல் ராப் பாடினார். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அது ஓடு ஓடு என்று ஓடியது. அடுத்த வருடமே வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ படத்தில் அவர் குரல். கோடம்பாக்கம் இந்த முறை ஆளை வரச் சொல்லிக் காக்கவைக்கவில்லை. இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். யோகி பி.யும் தனியாக வரவில்லை. கூடவே ஒரு குழு இருந்தது.

உங்களில் சிலர் இந்த மலையிலேயே இருப்பீர்கள். தோட்டப் பள்ளியில் ஆசிரியராகி, தீபாவளிக்கு ஒரு நாடகம் போட்டு, ஒரு பிள்ளையையாவது மேடையேற்றுவீர்கள். அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அன்றைய லயத்தில் இல்லாத ஆள் நீங்கள்தான். இன்னும் சிலர் தாப்பா வளைவுகளில் இறங்கிக் கோலாலம்பூர் போவீர்கள். வானொலி நிலையத்துக்கு, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு, பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வங்கி வேலைக்குக்கூட. போன முதல் வாரத்திலேயே பெரிய பெயர்களின் தொலைபேசி எண்களைத் தேடாதீர்கள். வார இறுதியில் கல்யாண வீடுகளில் வாசிக்கிற இசைக்குழு எங்கே ஒத்திகை பார்க்கிறது என்று விசாரியுங்கள். சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். வாசுதேவன் காலத்தில் கூச்சப்பட்டுப் பேசாமல் விட்டவர்கள் நிறையப் பேர். யாருக்கோ உடம்புக்கு முடியாத நாளில் நிற்கக் கூப்பிட்டால் போய் நில்லுங்கள்.

இன்று இரவே கோலாலம்பூருக்குப் பஸ் ஏறப் போகிறவர்கள் சிலர் இருப்பதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர்களை உத்தேசித்துப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதை.