ஏரி எழுதிய கணக்கு



கோடையில் ஏரி வற்றும். உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வண்டலை அள்ளி வந்து வயலில் கொட்டுவார்கள். வண்டல் பயிருக்கு நல்ல உரம். அதே வண்டலில் இன்னொன்றும் இருக்கிறது. பல ஆண்டுகளின் கணக்கு அதில் இருக்கிறது.

மழை வெள்ளம் ஏரிக்கு மண்ணைக் கொண்டுவருகிறது. மண் மெல்ல அடியில் படிகிறது. மறு ஆண்டு மண் அதன்மேல் படிகிறது. அடியில் இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. தூர் வாராத ஏரியில் இந்த அடுக்குகள் கலையாமல் இருக்கும். விஞ்ஞானிகள் சேற்றுக்குள் நீண்ட குழாயை இறக்கி, அடுக்குக் கலையாமல் எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு அடுக்காக ஆராய்வார்கள். நாம் எழுத்துக் கூட்டிப் படிப்பது போலத்தான் அதுவும்.

அதில் என்ன கிடைக்கும்? பூக்களின் மகரந்தம் கிடைக்கும். மகரந்தத் தூளின் மேல்தோல் மிகக் கெட்டியானது. சேற்றுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்காமல் இருக்கும். மகரந்தத்தைப் பார்த்து, அன்று எந்தச் செடிகள் வளர்ந்தன என்று சொல்லலாம். செடியைக் கொண்டு மழையைச் சொல்லலாம். ஏரி வற்றிய காலத்தில் உப்பும் படிந்திருக்கும்.

ராஜஸ்தானில் பிக்கானேர் மாவட்டத்தில் லூண்கரன்சர் என்ற ஊர் இருக்கிறது. அது பாலைவனப் பகுதி. அங்குள்ள உப்பு ஏரியின் மண்ணை ஆராய்ந்தார்கள். அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நிறைந்து நின்றது தெரிந்தது. சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரி வற்றிவிட்டது. இந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. சிந்துவெளியின் பெரிய நகரங்கள் ஏரி வற்றி ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்தே செழித்தன. நல்ல மழைக் காலத்தில்தான் அந்த நகரங்கள் செழித்தன என்று முன்பு பலர் நினைத்தார்கள். ஏரி மண் அந்த எண்ணத்தைக் கேள்வி கேட்டது.

மழையின் கணக்கை மட்டுமா ஏரி எழுதுகிறது? மனிதர் செய்யும் தவறும் அதில் பதிகிறது. முன்பு பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். வண்டிப் புகையோடு ஈயம் காற்றில் போனது. மழையோடு ஏரியில் விழுந்தது. சேற்றில் தங்கியது. ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஈயத்தை முன்பே குறைத்த நாடுகளில் ஏரி மண்ணைப் பார்த்தார்கள். பல ஏரிகளில் கீழ் அடுக்கில் ஈயம் அதிகம். மேல் அடுக்கில் குறைவு. தவறு எழுதப்பட்டிருந்தது. திருத்தமும் எழுதப்பட்டிருந்தது.

ஆனால் கீழே கிடக்கும் நஞ்சு தானாக மறைந்துவிடாது. சேற்றைக் கலக்கினால் அது மீண்டும் மேலே வரலாம். ஆலைக் கழிவு கலந்த ஏரியின் வண்டலைச் சோதிக்காமல் வயலில் போடக் கூடாது. சாயக் கழிவையும் பழைய பேட்டரியையும் ஏரியில் போடக் கூடாது. தண்ணீர் மேலே தெளிவாகத் தெரியலாம். அடியில் எல்லாம் பதிந்திருக்கும்.

இந்த ஆண்டின் அடுக்கு இப்போது படிந்துகொண்டிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகள் ஒரு நாள் அதைப் படிப்பார்கள். அவர்கள் படிப்பதற்கு நல்ல கணக்கை விட்டுச் செல்வோம்.